கடைசிச் சோறு யாருக்கு?

மில் வாசல் கூட்டம் முடிந்து கொடிகளைச் சுருட்டிக் கொண்டிருந்தோம். நூற்பாலைத் தோழர் ஒருவர் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். கையில் சர்க்கார் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று இருந்தது.

“தோழர், வீட்டுக்காரிக்கு அடிக்கடி கிறுகிறுன்னு வருது. நேத்து தண்ணிக் குடத்தோட விழுந்துட்டா. ரத்தம் ஏழு பாயிண்டுதான் இருக்குன்னு எழுதியிருக்காங்க. என்ன வியாதின்னே புரியலே. நல்ல டாக்டர் யாராவது தெரிஞ்சா சொல்லுங்க.”

டாக்டர் பெயரைச் சொல்வதற்கு முன்னால் ஒன்று கேட்டேன். “ராத்திரியிலே உங்க வீட்டிலே யார் யார் எப்போ சாப்பிடுவீங்க, தோழர்?”

அவர் விழித்தார். வியாதியைச் சொன்னால் சாப்பாட்டைக் கேட்கிறாரே என்று நினைத்திருப்பார். பிறகு சொன்னார்: “பிள்ளைங்க முன்னாலேயே சாப்பிட்டுடும். ஷிப்டு விட்டு வந்ததும் நானும் அம்மாவும் சாப்பிடுவோம். அவ அப்புறமா இருக்கிறதைச் சாப்பிடுவா.”

“இருக்கிறதை” என்றாரே, அந்த ஒரு சொல்லில்தான் வியாதி இருக்கிறது. முட்டை வாங்கினால் பிள்ளைகளுக்கு, மீன் வாங்கினால் உழைத்து வந்தவருக்கு, பருப்பு மிஞ்சினால் மாமியாருக்கு. சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் குழம்பும், ஒரு பிடிச் சோறும், ஒரு டம்ளர் டீயும் அந்தத் தாய்க்கு. இதை யாரும் சட்டம் போட்டுச் செய்யவில்லை. அந்தத் தோழர் கெட்டவரும் அல்ல. மனைவி விழுந்தாள் என்றதும் பதறி ஓடி வந்தவர். ஆனாலும் அந்த வீட்டில் நாள்தோறும் அவளுடைய ரத்தம் பாயிண்டு பாயிண்டாகக் குறைந்து கொண்டே வந்திருக்கிறது.

நூற்றுக்கு ஐம்பத்தேழு

இது ஒரு வீட்டுக் கதை என்று எண்ணி விடாதீர்கள். இந்திய சர்க்காரே 2019 முதல் 2021 வரை நடத்திய தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பு 2015-16இல் நடந்தபோது நூற்றுக்கு 53. குறைய வேண்டியது கூடியிருக்கிறது! அதே வயது ஆண்களில் எத்தனை பேர்? நூற்றுக்கு 25. தமிழ்நாட்டிலோ இடைவெளி இன்னும் அதிகம். பெண்களில் நூற்றுக்கு 53, ஆண்களில் நூற்றுக்கு 15.

விரல் நுனியில் ஊசி குத்தி ரத்தம் அளக்கும் முறை சரிதானா என்று நிபுணர்களுக்குள் வாதம் உண்டு. இருக்கட்டும். அதே ஊசியால்தானே ஆணின் விரலையும் குத்தினார்கள்? ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே ரேஷன் அரிசி. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

“மாதவிலக்கும் பிரசவமும் உண்டல்லவா, பெண்ணுக்கு ரத்தம் குறைவது இயற்கைதானே?” என்று சிலர் கேட்பார்கள். இயற்கை சொல்வது என்ன? ரத்தம் இழக்கிறவளுக்குக் கூடுதலாகக் கொடு என்று சொல்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த அளவுப்படி ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும், பெண்ணுக்கு 29. அதாவது அவளுக்கு ஒன்றரைப் பங்கு வேண்டும். நாம் கொடுப்பது மிச்சம் மீதி. ஒன்றரைப் பங்கு கேட்கும் உடம்புக்கு அரைப் பங்கைக் கொடுத்துவிட்டு, பழியை இயற்கையின் தலையில் போடுவது என்ன நியாயம்?

மாத்திரையை மட்டும் நம்பினால்

சர்க்கார் சும்மா இருக்கவில்லை என்பார்கள். உண்மைதான். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் தேசியத் திட்டம் 1970இல் தொடங்கியது. அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. 2018இல் புதுப் பெயர் சூட்டி, ரத்தசோகை இல்லாத பாரதம் என்றார்கள். பெயர் மாறியது. நூற்றுக்கு 57 மாறவில்லை.

மாத்திரை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கர்ப்பிணிக்கு அது உயிர். கொடுப்பதைத் தவறாமல் விழுங்கச் சொல்லுங்கள். ஆனால் காலையில் வெறும் டீயோடு தோட்டத்துக்கோ சித்தாள் வேலைக்கோ போகிறவள் வெறும் வயிற்றில் அந்த மாத்திரையைப் போட்டால் குமட்டுகிறது, வயிறு எரிகிறது. இரண்டு நாள் போட்டுவிட்டு முந்தானையில் முடிந்து வைக்கிறாள். பிறகு, “படிப்பறிவில்லாத ஜனங்கள், சொன்னால் கேட்பதில்லை” என்று அதிகாரி அறிக்கை எழுதுகிறார். வயிற்றில் சோறு இல்லாத குற்றத்தை வயிற்றின் சொந்தக்காரி மேலேயே சுமத்துகிறார்கள்.

மாத்திரையை வீடு வீடாகக் கொண்டு போகிறவர்கள் யார்? அவர்களும் ஏழைப் பெண்கள்தான். நாட்டின் பல மாநிலங்களில் 2005க்குப் பிறகு வந்த ஆஷா ஊழியர்களுக்குச் சர்க்கார் வைத்த பெயர் தன்னார்வலர். தொழிலாளி என்ற பெயர் இல்லை. அவர்கள் வாங்குவதற்குச் சம்பளம் என்ற பெயரும் இல்லை, ஊக்கத்தொகையாம்! பிறர் ரத்தத்தைப் பெருக்க வெயிலில் நடக்கிறவளின் ரத்தத்தை யார் பார்ப்பது?

அன்று மாஞ்செஸ்டர், இன்று பீட்

பெண்ணின் வியாதி அவள் உடம்பில் மட்டும் பிறப்பதில்லை. அவள் வாங்கும் கூலியில் பிறக்கிறது, நிற்கும் இடத்தில் பிறக்கிறது, வீட்டில் அவளுக்கு உள்ள மதிப்பில் பிறக்கிறது. இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1845இல் எங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய நூலில், பிள்ளை பெற்ற மூன்றாம் நாளும் நான்காம் நாளும் ஆலைக்குத் திரும்பிய பெண்களைக் காட்டினார். வேலை போய்விடும் என்ற அச்சம் அவர்களைப் படுக்கையிலிருந்து இழுத்து வந்து இயந்திரத்தின் முன் நிறுத்தியது.

அது பழங்கதை என்கிறீர்களா? நம் நாட்டுக்கே வருவோம். மராட்டிய மாநிலத்தில் பீட் என்று ஒரு மாவட்டம், மழை பொய்க்கும் பூமி. ஆண்டுதோறும் மழைக்காலம் போனதும் இலட்சக்கணக்கான ஏழைகள் மூட்டை முடிச்சுகளோடு மேற்கு மராட்டியத்துக்கும் கர்நாடகத்துக்கும் கரும்பு வெட்டப் புறப்படுகிறார்கள். ஒப்பந்தக்காரன் முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கிறான். தனி ஆளை அவன் எடுப்பதில்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தால்தான் ஒரு “கோய்தா”. மராட்டியில் கோய்தா என்றால் அரிவாள். இரண்டு உடல், நான்கு கை. கணக்கில் ஓர் அரிவாள்!

விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளையைத் துணியில் போட்டு, வயலுக்குப் போய், வெட்டிய கரும்பைக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வண்டியில் ஏற்றுகிறாள் பெண். குடியிருப்பு வயலோரத்துக் கூடாரம். கக்கூஸ் இல்லை, குளிக்க மறைவில்லை, தண்ணீர் தூரத்தில். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் கூலி போவதோடு தண்டமும் கட்ட வேண்டும். அந்தத் தண்டம் நாளொன்றுக்கு 500 ரூபாய் என்று அங்குள்ள பெண்கள் சொன்னார்கள். மாதவிலக்கு வந்தாலும் தண்டம், வயிற்றுவலி வந்தாலும் தண்டம்.

இந்த வாழ்வில் வெள்ளைப்படுதலும் கிருமித் தொற்றும் வராமல் என்ன செய்யும்? மருந்துக்குத் தீரக்கூடிய உபாதையோடு தனியார் டாக்டரிடம் போகிறாள். “கர்ப்பப்பையில் கோளாறு, விட்டால் புற்றுநோய் ஆகும், எடுத்துவிடு” என்கிறார் அவர். பயம் ஒரு பக்கம், தண்டம் ஒரு பக்கம். எடுத்துவிட்டால் மாதவிலக்கு இல்லை, லீவு இல்லை, தண்டம் இல்லை என்று அவளும் கணக்குப் போடுகிறாள். முப்பது வயதுகூட நிறையாத பெண்கள் கடன் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துக் கொண்டார்கள். அந்தக் கடனை அடைக்க மறு வருஷமும் அதே கரும்பு வயலுக்குப் போனார்கள். எலும்பு தேய்ந்து, இடுப்பு வலித்து, அகால மூப்பு வந்ததுதான் மிச்சம்.

2019இல் இந்தச் செய்தி பத்திரிகைகளில் வெடித்தது. மராட்டிய சர்க்கார் குழு அமைத்தது. பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 82,000க்கும் மேற்பட்டவர்களிடம் விசாரித்ததில், 13,800க்கும் மேற்பட்டவர்கள் கர்ப்பப்பையை இழந்தவர்கள் என்று தெரிந்தது. ஆறு பேரில் ஒருவர்! நாடு முழுவதும் எடுத்துக்கொண்டால் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேர் அளவுதான். பீட் பெண்ணின் கர்ப்பப்பை மட்டும் தனி மண்ணால் செய்ததா? இல்லை. சர்க்கரை ஆலையின் கணக்குப் புத்தகமும், ஒப்பந்தக்காரனின் தண்ட நோட்டும், தனியார் ஆஸ்பத்திரியின் பில்லும் சேர்ந்து நடத்திய அறுவை அது. நாம் டீயில் போடும் சர்க்கரைக்குப் பின்னால் இப்படியும் ஒரு கணக்கு இருக்கிறது.

பீட் வெகுதூரம் என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். 2019இல் ஒரு செய்தி நிறுவனம் நம் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்கள் நூறு பேரளவில் பேசிப் பார்த்தது. மாதவிலக்கு வலி என்று சொன்னால் பெயர்ச்சீட்டு இல்லாத மாத்திரையைக் கையில் கொடுத்து மிஷினுக்கு அனுப்புகிறார்கள் என்று அவர்கள் சொன்னார்கள். அங்கே கத்தி, இங்கே மாத்திரை. இரண்டின் நோக்கமும் ஒன்றே: உடம்பு நிற்கலாம், உற்பத்தி நிற்கக்கூடாது.

பத்து மடங்கு வித்தியாசம்

“பிரசவத்தில் சாவது பெண்ணின் தலையெழுத்து” என்று நம் பாட்டிமார்கள் சொல்வார்கள். அந்த எழுத்தைப் படித்துப் பார்ப்போமா?

2018-20 ஆண்டுகளின் சர்க்கார் கணக்குப்படி, இலட்சம் குழந்தைகள் உயிரோடு பிறக்கும்போது இந்தியாவில் மாண்ட தாய்மார்கள் 97 பேர். கேரளத்தில் 19. தமிழ்நாட்டில் 54. அசாமில் 195. கேரளத்தைப்போல் அசாமில் பத்து மடங்கு! பிரம்மா அசாம் பெண்ணுக்குத் தனிப் பேனாவால் எழுதினாரா?

அசாமின் தேயிலைத் தோட்டங்களைப் பாருங்கள், விடை கிடைக்கும். பிரம்மபுத்திராப் பள்ளத்தாக்குத் தோட்டங்களில் 2017இல் நாட்கூலி 137 ரூபாய். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஆள்கட்டிகள் பிடித்து வந்த ஆதிவாசி ஜனங்களின் பேத்திகள். தோட்டத்தில் ஆஸ்பத்திரியும் வீடும் குடிநீரும் தர வேண்டும் என்று 1951ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. சட்டம் புத்தகத்தில் பத்திரமாக இருந்தது. ரத்தமில்லாத உடம்போடு கூடை சுமக்கும் கர்ப்பிணிக்குப் பிரசவத்தில் சற்றே கூடுதலாக ரத்தம் போனாலும் தாங்காது.

கேரளமும் தமிழ்நாடும் சொர்க்கமாகி விடவில்லை. ஆனால் பெண் பள்ளிக்கூடம் போனதும், ஊருக்குப் பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் வந்ததும், ரேஷன் கடை வந்ததும், இவற்றுக்காக ஜனங்கள் குரல் கொடுத்ததும் அந்தத் தலையெழுத்தை அழித்து எழுதியிருக்கின்றன. அழிக்க முடிந்த எழுத்தை விதி என்று யார் சொல்வது?

இதில் சாதிக்கும் பங்கு உண்டு. ஐ.நா. பெண்கள் அமைப்பு 2018இல் வெளியிட்ட அறிக்கையில், இந்தியாவில் தாழ்த்தப்பட்ட சமூகப் பெண்களின் சராசரி இறப்பு வயது மேல்சாதிப் பெண்களுடையதைவிட 14.6 வருஷம் குறைவு என்று காட்டியிருந்தது. சேரியில் பிறந்த குற்றத்துக்குப் பதினான்கு வருஷம்! இராமனுக்குக்கூடப் பதினான்கு வருஷம் காடுதான் கிடைத்தது. இவளுக்குச் சுடுகாடு கிடைக்கிறது.

கத்தி யார் மேல்?

இனி, ஆண் தோழர்களுக்குச் சற்று உறைக்கும்படியாக ஒரு விஷயம்.

பிள்ளை போதும் என்று முடிவு செய்வது இருவரும் சேர்ந்து. அறுவை செய்துகொள்வது யார்? அதே 2019-21 கணக்கெடுப்பைப் பாருங்கள். நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது? ஆயிரத்துக்கு மூன்று!

எது எளிது என்று எந்த டாக்டரையும் கேளுங்கள். ஆணுக்குச் செய்வது சின்னக் காரியம். வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை, அன்றே வீட்டுக்கு வரலாம். பெண்ணுக்கு வயிற்றுக்குள் கருவி போக வேண்டும். “ஆண்மை போய்விடும், பாரம் தூக்க முடியாது” என்று நாம் சாக்குச் சொல்கிறோம். இரண்டுமே பொய். அறுவை செய்த வயிற்றோடு அவள் குடம் தூக்குகிறாளே, அது மட்டும் பாரமில்லையா?

2014 நவம்பரில் சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் பக்கத்தில் நடந்ததை மறக்க முடியுமா? ஆள் நடமாட்டமற்ற ஒரு கட்டிடத்தில் முகாம் போட்டு, ஒரே டாக்டர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார். அந்த முகாமிலும் அதையடுத்த முகாம்களிலும் அறுவை செய்துகொண்டவர்களில் 13 பெண்கள் மாண்டார்கள். ஏழை வீட்டுப் பெண்கள். பால் மறவாத குழந்தைகளின் தாய்மார்கள். இப்படிப்பட்ட முகாம்களை மூன்று வருஷத்துக்குள் ஒழிக்க வேண்டும் என்று 2016இல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. பணக்காரர் வீட்டுப் பெண் எவளாவது அந்த வரிசையில் படுத்திருந்தாளா? எண்ணிப் பாருங்கள்.

சட்டம் யாருக்கு?

பேறுகாலச் சட்டம் உண்டு. சென்னை மாகாணத்தில் 1934இலேயே வந்தது. நாடு முழுமைக்கும் 1961இல் வந்தது. 2017இல் சம்பளத்தோடு கூடிய விடுப்பு 26 வாரமாயிற்று. நல்ல சட்டம், சங்கங்கள் போராடிப் பெற்ற சட்டம். ஆனால் நம் நாட்டில் உழைக்கும் பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அமைப்புசாராத் தொழிலில் இருக்கிறார்கள். களை பறிப்பவளுக்கும் சித்தாளுக்கும் பீடி சுற்றுபவளுக்கும் வீட்டுவேலை செய்பவளுக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்புக் கொடுப்பது யார்? 2013ஆம் வருஷ உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு தாய்க்கும் 6,000 ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்கச் சொன்னது. 2017இல் மத்திய சர்க்கார் திட்டம் வந்தபோது அது 5,000 ஆயிற்று, அதுவும் முதல் பிள்ளைக்கு மட்டும். இரண்டாவது பிள்ளை பெறும்போது தாய்க்குப் பசிக்காதா?

போராடினால் கிடைக்கும் என்பதற்கும் நம் கண்ணெதிரே சாட்சி இருக்கிறது. ஜவுளிக்கடைகளில் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் உட்காரவே கூடாது என்று பெண்களை நிற்க வைத்தார்கள். கால் நரம்பு சுருண்டது, இடுப்பு விட்டுப் போயிற்று. சிறுநீர் கழிக்க அனுமதி இல்லையென்று தண்ணீர் குடிக்காமலே வேலை செய்தார்கள். கேரளத்துக் கடைப் பெண்கள் எழுந்து நின்று உட்காரும் உரிமையைக் கேட்டார்கள்! 2018இல் அங்கே சட்டம் திருந்தியது. 2021இல் தமிழ்நாடும் அப்படியே திருத்தியது. ஒரு நாற்காலி பெரிய விஷயமா என்று கேட்பவர்கள் ஒரு நாள் நின்று பார்க்கட்டும்.

சங்கத்திலும் வீட்டிலும்

தோழர்களே! இதில் நம் வேலை என்ன?

சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் போனஸும் பஞ்சப்படியும் முன்னால் நிற்கின்றன, நிற்கட்டும். அவற்றோடு சம வேலைக்குச் சம கூலியும், கதவும் தண்ணீரும் உள்ள கக்கூஸும், உட்கார நாற்காலியும், குழந்தை காப்பகமும் அதே பக்கத்தில் ஏற வேண்டும். “மாதர் பிரச்னைகள்” என்று தலைப்புப் போட்டுக் கடைசிப் பக்கத்தில் தள்ளுவதும், கடைசிச் சோறு போடுவதும் ஒன்றுதான். அமைப்புசாராப் பெண்ணுக்கும் பேறுகாலக் கூலி வேண்டும். ஆஷா, அங்கன்வாடி ஊழியர்களைத் தொழிலாளர் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரும் மருந்தும் இருக்கிறதா என்று ஒவ்வொரு கிளையும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஊரைத் திரட்ட வேண்டும்.

முதலாளியிடமும் சர்க்காரிடமும் கேட்க வேண்டியவை இவை. நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு.

2019இல் சர்க்கார் எடுத்த நேரக் கணக்குப்படி, நூறு ஆண்களில் 26 பேர்தான் அன்றாட வீட்டு வேலையில் கை வைக்கிறார்கள். அப்படிக் கை வைத்தவர்களும் செய்தது 97 நிமிடம். பெண்கள் செய்தது 299 நிமிடம், ஐந்து மணி நேரம். எட்டு மணி நேர வேலைக்காக உலகத் தொழிலாளர்கள் ரத்தம் சிந்தினார்கள். மே தினத்தில் அதை முழங்குகிறோம். எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு வந்து அடுப்படியில் இன்னொரு ஷிப்டு பார்க்கிறாளே, அவளுடைய மே தினம் எப்போது?

அன்று சீட்டோடு வந்த தோழர் இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தார். சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே ஊசியும் மாத்திரையும் கொடுத்தார்களாம். “ரத்தம் ஒம்போதரைக்கு வந்திருச்சு தோழர்” என்றார். கொஞ்சம் கூச்சத்தோடு இன்னொன்றும் சொன்னார்: “இப்பல்லாம் எல்லாரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பிடறோம். முட்டை வாங்கினா அவளுக்கும் சேர்த்துத்தான் வாங்கறேன். அம்மாதான் மொதல்லே முணுமுணுத்தாங்க.”

ஒன்பதரை போதாது, தோழர். பன்னிரண்டு வர வேண்டும். அதற்குச் சோறு ஒன்றாக உண்டால் மட்டும் ஆகாது. அவளுக்கும் நியாயமான கூலி வர வேண்டும், உங்கள் கூலியும் உயர வேண்டும், குழாயில் தண்ணீர் வாசலுக்கு வர வேண்டும். அது தெருவில் இறங்கி நாம் நடத்த வேண்டிய போராட்டம். ஆனால் கடைசிச் சோற்றை ஒழிப்பதற்கு எந்த முதலாளியின் கையெழுத்தும் தேவையில்லை. எந்தச் சட்டசபையும் கூட வேண்டியதில்லை.

அதை இன்று இரவே செய்யலாம்.